சாய்த்துப் பிடிக்க வேண்டிய துப்பாக்கி

பயிர் செய்கிறவன் ஒருவன், அதைத் தின்கிறவன் இன்னொருவன் என்பது உலகத்து ஏற்பாடு. திரு-கொச்சி ராஜ்ஜியத்தில் இந்த இருவருக்கும் நடுவே ஓர் ஆபீஸ் இருந்தது. அதன் பெயர் பயிர்க்காவல் ஆயுத அனுமதி ஆபீஸ். காட்டுப்பன்றியிடமிருந்து குடியானவனின் பயிரைக் காப்பாற்ற அவனுக்குத் துப்பாக்கி தரலாமா என்று யோசிப்பது அந்த ஆபீசின் கடமை. தருவது அல்ல, யோசிப்பது. அந்தக் கடமையிலிருந்து ஆபீஸ் ஒருநாளும் வழுவியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என்மேல் குறைப்பட வேண்டாம்.

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையில் தாணுலிங்கம் பிள்ளை இருபத்திரண்டு வருஷமாக ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர். சாகிறதற்குள் ஆணியை விட்டு மண்ணுக்குப் போய்விட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. மனைவி பகவதியம்மாளின் இரட்டைவடச் சங்கிலியை விற்று, போனக்காட்டுக்குப் போகிற வழியில் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினார். கடையை விடும்வரை நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேலப்பனை அமர்த்தினார். வேலப்பன் அங்கேயே குடிசை போட்டு மரச்சீனிக் கிழங்கு நட்டான். விளைவதில் பாதி அவனுக்கு. அவன், அவன் பெண்சாதி, மூன்று பிள்ளைகள் என்று ஐந்து வயிறும் அந்தப் பாதியைத்தான் நம்பியிருந்தன. விளையாமல் போனால் மேலே தேயிலைத் தோட்டத்தில் பெயர் கொடுத்துக் கூலிக்கு ஏற வேண்டியதுதான். அப்படி ஏறிப்போன அவனுடைய அண்ணன் ஆறு வருஷமாகியும் இறங்கி வரவில்லை.

கிழங்கு முற்றுகிற சமயத்தில் பன்றிகள் வந்தன. ஒரே இரவில் நாற்பது மூடு செடி போயிற்று. வேலப்பன் தகரம் தட்டினான். முதல் வாரம் பன்றிகள் பயந்து ஓடின. இரண்டாம் வாரம், தகரச் சத்தம் கேட்டதும் அது சாப்பாட்டு மணி என்று எண்ணி, குடும்பத்தோடு வந்தன.

"தோக்கு இல்லாம ஒண்ணும் நடக்காது, அண்ணாச்சி," என்று வேலப்பன் திருவனந்தபுரம் வந்து சொல்லிவிட்டுப் போனான். மலைப்பக்கத்தில் துப்பாக்கியைத் தோக்கு என்பார்கள்.

அந்த வருஷம்தான், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறுமுன் தம் சாமான்களை ஏலம் விட்டார். சுதந்திரம் வந்து துரைமார் போகத் தொடங்கியதிலிருந்து, துரைமார் விட்டுப்போகிற சாமான்களுக்கு நகரத்தில் பெரிய கிராக்கி. துரை வேண்டாம் என்று கொடி பிடித்தவர்கள் துரையின் தொப்பிக்கு ஏலம் கேட்டார்கள். அவர் உபயோகித்த புகைக்குழாயை ஒரு வக்கீல் அணைத்துக்கொண்டு போனார். அவருக்குப் புகையென்றால் இருமல் வரும்.

துப்பாக்கிகள் எல்லாம் விலைபோய், ஒன்று மட்டும் மிஞ்சியது. குழலின் அகலத்தைப் போர் என்று ஒரு கணக்கில் சொல்வார்கள். கனவான்கள் என்றால் பன்னிரண்டு போர் வைத்திருக்க வேண்டும், இரண்டு குழலும் அக்கம்பக்கமாக இருக்க வேண்டும் என்பது அன்றைய நாகரிகம். மிஞ்சிய துப்பாக்கி இருபது போர். அதன் குழல்களோ ஒன்றின்மேல் ஒன்றாக, மேலும் கீழுமாக இருந்தன. ஒருவன் தலையில் ஒருவன் ஏறி நிற்கிற மாதிரி இருக்கிறது, மரியாதையாக இல்லை என்று கனவான்கள் சிரித்தார்கள்.

தாணுலிங்கம் அதை வேட்டைக்காரனைப்போல் தோளில் வைத்துப் பார்க்கவில்லை. இரும்புக்கடைக்காரனைப்போல் பார்த்தார். கீலை மடக்கி விரித்தார். ஆட்டம் இல்லை. குழலுக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்து முகர்ந்தார். துருவில்லை. மூடினால் ஒரே ஒரு தட்டு, நல்ல பூட்டு விழுகிற சத்தம். கட்டை வைரமான மரம். எடை ஆறு ராத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. காவல்மாடத்தில் ஏறி இறங்க வாகாக இருக்கும். மலிவான சாமானிலும் நல்ல சாமான் என்று ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர் இருபத்திரண்டு வருஷம் இரும்பு நிறுத்திருந்தார் போலும். நூற்றிருபது ரூபாய்க்கு ஏலம் முடிந்தது.

லைசென்ஸ் கிடைக்கும்வரை ஆயுதம் ஆபீசில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதன்படி துப்பாக்கியை ஆபீசில் ஒப்படைத்து ரசீது பெற்றார். கூடவே லைசென்ஸ் கேட்டு ஹர்ஜியும் கொடுத்தார். துப்பாக்கி ஆபீசில், ஹர்ஜியும் ஆபீசில். பன்றி மட்டும் மரச்சீனியில்.

குமாஸ்தா நீலகண்டன் ஹர்ஜியைப் படித்துவிட்டு, வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"பன்னிரண்டு போர் வரைக்கும்தான் ரூல் உண்டு. இது இருபது ஆக்கும். எட்டு கூடுதல். பீரங்கிக்கு அடுத்தபடி அல்லே இது?"

இருபது என்பது பன்னிரண்டைவிடச் சின்னது என்று தாணுலிங்கம் சொன்னார். நீலகண்டன் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, சூப்பிரண்டு கல்யாணராமனிடம் அழைத்துப்போனார். கல்யாணராமன் கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர், நியாயஸ்தர், யார் சொன்னாலும் முழுக்கக் கேட்பவர். தாணுலிங்கம் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். ஒரு ராத்தல் ஈயத்தில், குழலுக்குள் சரியாகப் போகிற உருண்டை எத்தனை பிடிக்கலாமோ அத்தனை போர். ஒரு ராத்தல் மாவில் பன்னிரண்டு லட்டுப் பிடித்தால் லட்டு பெரிசு, இருபது பிடித்தால் சின்னது, அதைப் போலத்தான் இதுவும்.

கல்யாணராமன் கண்ணை மூடி லட்டை மனசில் பிடித்துப் பார்த்தார்.

"ஓய் பிள்ளைவாள், லட்டு விஷயத்திலே நீர் சொல்றது பூரா சரி," என்றார். "ஆனா லட்டுக்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் உள்ள சாமானுக்கு இருபதுன்னா இருபதுதான்."

"குழலுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க சாமி. பன்னிரண்டுல பெருவிரல் போகும். இதுல போகாது."

"சர்க்கார் விரலை விட்டா பார்க்கும்? நம்பரைன்னா பார்க்கும்."

ஆனாலும் அவர் இரக்கமுள்ளவர். ஒரு வழி சொன்னார். பன்னிரண்டு போருக்கு ரூல் இருக்கிறது. மிச்சமுள்ள எட்டுப் போருக்கு மட்டும் தனியாக ஒரு ஹர்ஜி கொடுத்தால் மேலாபீசுக்கு அனுப்பிவிடலாம். தாணுலிங்கம் கொடுத்தார். ஏழு மாதம் கழித்து மேலாபீஸ் பதில் எழுதியது: விசேஷ காரணங்களை முன்னிட்டு எட்டுப் போர் கூடுதலாக அனுமதிக்கப்படுகிறது, இதை யாரும் முன்மாதிரியாகக் கொள்ளலாகாது. அந்த ஏழு மாதத்தில் பன்றிகள் முதல் விளைவைத் தின்று முடித்திருந்தன. வேலப்பன் காட்டில் விறகு பொறுக்கி விற்று அந்த வருஷத்தை ஓட்டினான். பழுதில்லை, துப்பாக்கி வரப்போகிறது என்று மறுபடி மரச்சீனிக் கம்பு நட்டான்.

இனி ஃபாரத்தை நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. நீலகண்டன் பேனாவைத் தொட்டு எழுதத் தொடங்கி, எட்டாவது கட்டத்தில் நின்றுவிட்டார். ஃபாரத்தில் 'வலது குழலின் நீளம்' என்று ஒரு கட்டம், 'இடது குழலின் நீளம்' என்று ஒரு கட்டம். தாணுலிங்கத்தின் துப்பாக்கியில் வலதும் இல்லை, இடதும் இல்லை.

"மேல்குழல், கீழ்க்குழல்னு எழுதுங்க," என்றார் தாணுலிங்கம்.

"எங்கே எழுதட்டு? மேலும் கீழும் இந்த ஃபாரத்திலே இல்லை. ஃபாரத்திலே இல்லாத குழல் துப்பாக்கியிலே எப்படி வந்ததுன்னு நாளைக்கு என்னை அல்லே கேப்பா?"

ஆபீஸ் இரண்டாகப் பிரிந்தது. வலது உயர்ந்தது, மேலும் உயர்ந்தது, ஆகவே மேல்குழல்தான் வலது குழல் என்று ஒரு கட்சி. சாப்பிடுகிற இலையின் மேல்நுனி இடது பக்கம் இருப்பதை யோசிக்க வேண்டும் என்று மறு கட்சி. இரண்டு கட்சியும் மத்தியானப் பலகாரத்தைத் தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்தன. இலையில் எது மேல் என்று கேட்கப் போய் ஒரு பியூன் இடமாற்றம் பெற்றான். விஷயம் மேலாபீசுக்குப் போயிற்று. நடுவில் மந்திரிசபை ஒன்று கவிழ்ந்ததால், புதிய மந்திரிசபைக்கு வலது இடது பற்றி என்ன கொள்கை என்று தெரிகிறவரை ஃபைல் நிறுத்திவைக்கப்பட்டது. பத்தாவது மாதம் தீர்ப்பு வந்தது. 'எந்தத் துப்பாக்கியையும் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் அதற்கு வலது, இடது குழல்கள் தாமே உண்டாகும். ஆகவே மேற்படி ஆயுதத்தைச் சாய்த்து வைத்து விவரங்களைப் பதியவும்.'

சாய்த்து வைத்தார்கள். உண்டாயிற்று. எல்லாருக்கும் சந்தோஷம். இரண்டாம் விளைவு அதற்கு முந்தின மாதமே பன்றிகளின் வயிற்றுக்குப் போயிருந்தது.

அடுத்தபடி, ஆயுதத்தின் தகுதியைப் பற்றி ஒரு நிபுணரின் அபிப்பிராயம் வேண்டும். ஆபீஸ் சேஷனை நியமித்தது. சேஷன் ஜனன மரணப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மரணத்தில் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர் என்பதால் நிபுணர். துரையின் ஏலத்தில் தொப்பி எடுத்தவரும் அவரே. காக்கிக் கால்சட்டையும் அந்தத் தொப்பியுமாகச் சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாரை அவர் கும்பிட வருகிறபோது, தொப்பியைக் கழற்றுவதா, செருப்பைக் கழற்றுவதா என்று ஒரு கணம் தயங்குவார். பிறகு பிள்ளையாரும் பழகிக்கொண்டார்.

துப்பாக்கி மூன்று வாரம் சேஷன் வீட்டில் இருந்தது. அவர் அதை முகர்ந்தார், தடவினார், குழல் வழியாகப் பக்கத்து வீட்டு முருங்கையைப் பார்த்தார். அதோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டார். பதினாலு பக்கத்தில் மதிப்பீடு எழுதினார். எடை குறைவாக இருப்பது இதன் சிறப்பு. எடை குறைவாக இருப்பது இதன் குறையுமாகும். விலை மலிவாதலால் ஏழைகளுக்கு ஏற்றது, ஏழைகளிடம் ஆயுதம் இருப்பது ஏற்றதல்ல. பன்றி வருமானால் பயன்படலாம், வராவிட்டால் அவசியமில்லை.

சுட்டுப் பார்த்தீர்களா என்று தாணுலிங்கம் கேட்டார்.

"சுட்டால் அபிப்பிராயம் ஒரு பக்கமாய்ச் சாய்ஞ்சுடும்," என்றார் சேஷன். "நிபுணன் நடுநிலைமையா இருக்க வேண்டாமோ?"

கடைசியாக ஸ்தல விசாரணை. நிலத்தில் பயிர் உண்டா, பன்றி உண்டா என்று நேரில் கண்டு எழுத நீலகண்டன் போக வேண்டும். கிழங்கு முற்றியிருக்கும்போது வாருங்கள் என்று வேலப்பன் மூன்று தடவை வந்து கும்பிட்டான். ஜீப் வரவில்லை. ஜீப் வந்தபோது டிரைவர் வரவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தபோது கிழங்கு இல்லை. உழுத மாதிரிக் கிடந்த நிலத்தை நீலகண்டன் சுற்றிப் பார்த்தார். மத்தியானம் வழியிலுள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார். அன்று விசேஷம் காட்டுப்பன்றிக் கறி. யாரோ திருட்டுத் துப்பாக்கியால் சுட்டது. நன்றாக இருந்தது என்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பல் குத்திக்கொண்டே அங்கேயே அறிக்கையை எழுதினார்: ஒன்று, பயிர் எதுவும் இல்லை. இரண்டு, பன்றி எதுவும் காணப்படவில்லை.

ஆகவே காவல் தேவையில்லை என்று ஹர்ஜி தள்ளுபடியாயிற்று. தாணுலிங்கம் கல்யாணராமனிடம் ஓடினார். பன்றி தின்றதனால்தான் பயிர் இல்லை என்று மன்றாடினார்.

"தின்னு முடிச்சுடுத்தோன்னோ?" என்றார் கல்யாணராமன், ஆறுதலாக. "இனி எதைக் காக்கப்போறீர்?"

மூன்றாம் வருஷம் இப்படிப் போயிற்று. வேலப்பனின் மூத்த பெண் தோட்டத்துக்குக் கொழுந்து கிள்ளப் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. பகவதியம்மாள் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு, "அந்தச் சங்கிலியைப் பன்னி கழுத்துல நேரா போட்டிருந்தா, ஒரு அழகாவது பாத்திருக்கலாம்," என்றாள்.

இந்த நிலையில் அந்த ஆபீசுக்குத் தணிக்கைக்காரர் ஒருவர் வந்தார். அலமாரியைத் திறந்தார். ஒரு துப்பாக்கி இருந்தது. யாருடையது என்றார். தாணுலிங்கம் பிள்ளையுடையது என்றார்கள். அவருக்கு லைசென்ஸ் உண்டா? இல்லை, தள்ளுபடி. அப்படியானால் இந்த ஆபீசுக்கு லைசென்ஸ் உண்டா? நீலகண்டன் கல்யாணராமனைப் பார்த்தார். கல்யாணராமன் அலமாரியைப் பார்த்தார். லைசென்ஸ் வழங்குகிற ஆபீஸ், லைசென்ஸ் இல்லாமல் மூன்று வருஷமாக ஆயுதம் வைத்திருக்கிறது என்று தணிக்கைக்காரர் எழுதப்போனார்.

பயிர் இல்லாமல் போனது, பன்றி காணப்படாதது, எட்டுப் போர் கூடுதலானது எல்லாம் அன்று மத்தியானம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்தன. கல்யாணராமனே குடையைப் பிடித்துக்கொண்டு சாலைக்கு நடந்து வந்து, ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தாணுலிங்கத்தின் கையில் லைசென்சைக் கொடுத்தார். பின்னால் நீலகண்டன் துப்பாக்கியைச் சுமந்து வந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஆபீஸ் ஒரு குடிமகனைத் தேடி வந்தது. கடைத்தெருவே எழுந்து நின்று பார்த்தது.

லைசென்சில் நிபந்தனைகள் இருந்தன. மேற்படி ஆயுதம் சாய்த்து வைத்த நிலையில் பதிவாகியிருப்பதால், சாய்த்த நிலையிலேயே பிடித்துச் சுட வேண்டும். வருஷத்துக்குப் பத்துத் தோட்டாக்கள். செலவாகும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தக்க காரணமும் ஆதாரமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தாணுலிங்கம் கண்ணாடி முன் நின்று துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்துப் பழகினார். தெருவில் போன சேஷன் சன்னல் வழியாக இதைப் பார்த்தார். விசாரித்தார். சர்க்காரே எழுதிக்கொடுத்த முறை என்று தெரிந்ததும் யோசனையில் ஆழ்ந்தார். அடுத்த வாரம் அவர் தம்முடைய பன்னிரண்டு போர் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டார். பிறகு பழவங்காடி பக்கத்துப் படக்கடையில் கனவான்கள் வரிசையாக வந்து சாய்த்துப் பிடித்தார்கள். நேராகப் பிடிக்கிறவன் பட்டிக்காடன் என்று ஆயிற்று. மேலும் கீழுமாகக் குழல் வைத்த துப்பாக்கி எங்கே கிடைக்கும் என்று மதராசுக்கெல்லாம் கடிதம் போயிற்று. இரும்புக்கடைத் தாணுலிங்கத்தின் வாடகை வீட்டு வாசலில் வக்கீல் வந்து செருப்பைக் கழற்றினார்.

இதெல்லாம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று கேட்டால், எல்லாரையும் செய்கிறதைத்தான் செய்தது. தாணுலிங்கம் ஒரு மேசை வாங்கினார். மேசைமேல் மைக்கூடும் ஒரு பழைய மணியும் வைத்தார். துப்பாக்கியை மனைவியின் கூறைப்புடவையில் சுற்றி வைத்தார்.

"பன்னியைச் சுடத்தானே வாங்கினது?" என்றாள் பகவதியம்மாள். "இப்போ பன்னி இஞ்ச வந்து தொழுதுட்டுப் போகணும் போல இருக்கு."

நாலாவது விளைவு அதுவரை இல்லாத விளைவாக இருந்தது. பன்றிகள் மூன்று வருஷம் கிளறிப்போட்டதில் மண் இளகிப்போயிருந்ததோ என்னவோ. கிழங்கு ஒவ்வொன்றும் தொடைப் பருமன். பறிக்க இன்னும் இருபது நாள் இருக்கும்போது வேலப்பன் பஸ் ஏறி வந்தான். காலில் சேறு காய்ந்திருந்தது. முன்பெல்லாம் வந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அன்று தாணுலிங்கம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். வேலப்பன் இந்தப் பக்கம் நின்றான். மூன்று வருஷமாகத் தாம் நின்று பழகிய இடத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்க்கிறபோது அவருக்கு முதுகெலும்பில் ஓர் இதம் பரவியது. அதை அவர் கவனிக்கவில்லை.

"ஆத்துக்கு அந்தக் கரைக்கு வந்துட்டுது, அண்ணாச்சி," என்றான் வேலப்பன். "இண்ணைக்கோ நாளைக்கோ இறங்கும். தோக்கை எடுத்துட்டு வாரும். நான் கூட நிக்கேன்."

"வரலாம். ஒரு ஹர்ஜி வேணுமே."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

வேலப்பன் சிரித்தான். தாணுலிங்கம் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"உம்ம நிலம், உம்ம தோக்கு. உமக்கு நான் எழுதித் தரணுமா?"

"நான் உன்னை நம்புகேன்டே வேலப்பா. ஃபைல் நம்பாது. தோட்டா செலவாச்சுன்னா ஆதாரம் கேப்பான். ஆதாரம் இல்லைன்னா லைசென்சைப் புடுங்குவான். பொறவு நாம எல்லாரும் எங்க போய் நிப்போம், சொல்லு."

இந்த 'நாம எல்லாரும்' வேலப்பனுக்கு நியாயமாகத்தான் பட்டது. அவனுக்கு எழுதத் தெரியாது. கிழக்கே கோட்டையில் ஹர்ஜி எழுதுகிற ஒருவரைத் தேடி, அவர் கேட்ட கூலிக்குப் பதிலாக இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தியை வைத்துவிட்டு, எழுதி வாங்கினான். எழுதுகிறவருக்கு அன்று ஆள் அதிகம். மறுநாள் மாலைதான் காகிதம் கைக்கு வந்தது.

தாணுலிங்கம் அதை இரண்டு தடவை படித்தார். வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் நீலகண்டனுடையது என்பது அவருக்குத் தெரியாது.

"'பன்றிகள் பல' என்று எழுதியிருக்கு. பலன்னா எத்தனை?"

"ஏழு, அண்ணாச்சி."

"ஏழுன்னு எழுதினால்லா நான் ஏழு தோட்டா எடுக்கலாம்? பலன்னு தோட்டா எடுக்க முடியுமா? அதுல ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னும் வேணும்."

உள்ளேயிருந்து பகவதியம்மாளின் குரல் வந்தது. "எதுக்கு, சம்பந்தம் பேசவா?"

தாணுலிங்கம் மணியை அடித்தார். வீட்டில் மணிக்கு வருகிறவர் யாரும் இல்லை. வேலப்பன் காகிதத்தை நாலாக மடித்து இடுப்பு முண்டுக்குள் செருகிக்கொண்டு, "சரி, எண்ணிட்டு வாறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்ன விதத்தில் கோபம் இருந்ததா என்று தாணுலிங்கம் பிறகு யோசித்துப் பார்த்தார். இருந்த மாதிரித் தெரியவில்லை. அதுதான் அவரைச் சங்கடப்படுத்தியது.

நாலு நாள் ஆயிற்று. ஆறு நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் தாணுலிங்கம் துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தபடி பஸ் ஏறினார். நிலத்தில் ஒரு மூடுகூட நிற்கவில்லை. குடிசையில் கதவுக்குப் பதிலாகத் தொங்கிய சாக்கையும் காணோம். குடும்பத்தோடு தோட்டத்துக்கு ஏறிவிட்டான் என்று ஓடையில் துணி அடித்துக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள். பெயர் கொடுத்தாயிற்றாம்.

காவல்மாடத்துக் காலில் ஒரு காகிதம் செருகியிருந்தது. அதே ஹர்ஜிதான். 'பல' என்ற சொல்லை அடித்துவிட்டு, வேறு யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: ஏழு. ஆண் இரண்டு, பெண் ஐந்து. கீழே வேலப்பனின் கைநாட்டு.

தாணுலிங்கம் படித்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. மாடத்தின் நிழலில் நின்று பையிலிருந்து பேனாவை எடுத்து, 'உரிய காலத்தில் வந்து சேரவில்லை' என்று ஓரத்தில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

வருஷ முடிவில் ஆபீசுக்கு அவர் அனுப்பிய அறிக்கை அரைப்பக்கம். செலவான தோட்டா: இல்லை. முறைப்படி வந்துசேர்ந்த புகார்: இல்லை. கல்யாணராமன் அதை வாசித்துக் கண் கலங்கினார் என்கிறார்கள். இந்த ஒரு துப்பாக்கி வந்த வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லை என்றால் இதன் காவல்திறன் எப்பேர்ப்பட்டது என்று அவர் மேலாபீசுக்கு எழுதினார். மேலாபீஸ் அதை அச்சிட்டு எல்லாப் பகுதிக்கும் அனுப்பியது. குறைந்த விலையில், சிறிய போரில், மேலும் கீழுமாகக் குழல் வைத்த துப்பாக்கியே பயிர்க்காவலுக்கு உத்தமம் என்று அதில் கண்டிருந்தது. சேஷனின் பதினாலு பக்கமும் இணைப்பாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் வரிசை சாலை முனைவரை நீண்டது. பிரம்புக்கூடைக்காரர், ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், பங்களா வைத்திருந்தவர், பங்களாவுக்குக் காவல் இருந்தவர் எல்லாரும் நின்றார்கள். நான் நாற்பத்தோராவது ஆள். எனக்கு நிலம் கிடையாது. பன்றியையும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். முன்னால் நின்றவரைக் கேட்டேன். அவருக்கும் நிலம் இல்லையாம். பின்னால் எப்போதாவது வாங்கினால் அப்போது அலைய வேண்டாமே என்றார். அது சரியாகத்தான் பட்டது.

பதினொன்றரை மணிக்குப் பியூன் வெளியே வந்து, ஃபாரம் தீர்ந்துவிட்டது, அச்சாகி வர ஆறு மாதமாகும் என்றான். ஒருவரும் கலையவில்லை.